தண்ணீருக்குள் நிகழும் பிளவு

சாரல் காலத்தில் குற்றாலத்து அருவிநீரையும் தென்காசிப் பக்கத்துக் கிணற்று நீரையும் இரு குவளைகளில் எடுத்து வைத்தால் கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. ஆயினும் சாயத் தொட்டியில் இரண்டும் ஒரே நிறத்தைத் தருமென்று சொல்வதற்கில்லை. காரணத்தை அறிய, தண்ணீரின் இயல்பைச் சற்று ஆராய்வோம்.

தண்ணீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜன் அணுவும் சேர்ந்தது. தூய நீரிலுங்கூட ஒரு மூலக்கூறு தன்னிடமுள்ள புரோட்டான் ஒன்றை அடுத்த மூலக்கூறுக்குக் கொடுத்துவிடுகிறது. கொடுத்தது ஹைட்ராக்சில் அயனி. பெற்றது ஹைட்ரோனியம் அயனி. விரைவில் இவை மீண்டும் கூடிவிடுகின்றன. ஆதலால் 25 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 55 கோடி மூலக்கூறுகளுக்கு ஒரு ஹைட்ரோனியம் அயனியே காணப்படும்.

இவ்விரண்டும் தராசுத் தட்டுகள் போன்றவை. ஒன்று உயர்ந்தால் மற்றது தாழும். ஹைட்ரோனியம் மிகுந்தால் நீர் அமிலம். ஹைட்ராக்சில் மிகுந்தால் காரம். இதை அளக்கும் பி.எச். எண்ணை 1909-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் வகுத்தார். 7 நடுநிலை. ஓர் எண் மாறினால் அயனிகளின் அளவு பத்து மடங்கு மாறுகிறது என்பதை அங்கத்தினர்கள் மறக்கலாகாது.

மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்வதால் அதன் எண் 5.6 அளவில் இருக்கும். சுண்ணாம்பு உப்புகள் கரைந்த கிணற்று நீரோ பெரும்பாலும் காரப் பக்கம் சாயும். ரியாக்டிவ் சாயம் பருத்தி நூலில் பற்றுவதற்குத் தொட்டியின் எண் 10.5 முதல் 11 வரை வேண்டும். அதற்காகவே சோடா ஆஷ் இடுகிறோம். குறைந்தால் சாயம் பற்றாது. மிகுந்தால் சாயம் நூலை விட்டுத் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகும். எனவே நீர் மாறும்போது பழைய அளவையே நம்பி இடுதல் நட்டத்துக்கு வழியாகும்.

விவசாயிகளுக்கும் இது பொருந்தும். அமில நிலம் சுண்ணாம்பு கேட்கும், 8.5-க்கு மேற்பட்ட களர்நிலம் ஜிப்சம் கேட்கும். மாற்றி இட்டால் பணமும் போகும், பயிரும் போகும். லிட்மஸ் தாள் பக்கத்தை மட்டுமே காட்டும். எண்ணை அறிய பி.எச். தாள் வேண்டும். ஒவ்வொரு சங்கமும் இதனை வாங்கி வைப்பது நலம். அதன் விலை, கெட்டுப்போகும் ஒரு கட்டு நூலின் விலையை விடச் சிறிதே.