பழைய பெட்டியும் புதிய திரையும்

ஒரு கலைப்பொருளைக் காப்பது வேறு. அதனைக் காண்பது வேறு. ஓவியமொன்றைப் பெட்டகத்திற் பூட்டி வைத்தால் அது கெடாமலிருக்கும். ஆயின், தக்க ஒளியில் வைத்து நோக்கும்போதே அது ஓவியமாகின்றது. இவ்வுண்மை வீடியோ விளையாட்டுக்களுக்கும் பொருந்தும் என்று கூறினால் நகைப்போர் இருக்கலாம். சிறுவர் பொழுதுபோக்கைக் கலையென்று பேசுவதா என்று அவர்கள் கேட்பர். நியூயோர்க்கிலுள்ள நவீன கலை நூதனசாலை 2012ஆம் ஆண்டிலே 14 வீடியோ விளையாட்டுக்களைத் தன் நிரந்தரச் சேகரிப்பிற் சேர்ப்பதாக அறிவித்தது என்பதை அன்னார்க்கு நினைவூட்டலாம். 'இது கலையா?' என்ற வினா ஒருபுறம் இருக்க, 'இதனை இதன் உண்மையான தோற்றத்திற் காண்பது எவ்வாறு?' என்ற வினாவே இன்று நம்முன் நிற்கின்றது.

நிண்டெண்டோ நிறுவனத்தின் 'பமிகொம்' 1983ஆம் ஆண்டில் யப்பானில் வெளிவந்தது. சேகா நிறுவனத்தின் 'மெகா டிரைவ்' 1988இலும், 'சுப்பர் பமிகொம்' 1990இலும், சோனியின் 'பிளேஸ்டேசன்' 1994இலும் தொடர்ந்தன. இவற்றுள் ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்துத் தூசு துடைத்துப் புதிய தட்டைத் திரையுடன் இணைப்பவர் காண்பது யாது? நிறங்கள் கலங்கித் தெரிகின்றன, ஓரங்கள் கரைகின்றன, உருவங்கள் பக்கவாட்டிற் பருத்துத் தோன்றுகின்றன. பொத்தானை அழுத்திச் சற்றுப் பிந்தியே வீரன் துள்ளுகின்றான். பழம்பொருள் பழுதாகிவிட்டது என்று எண்ணி அதனை மீண்டும் அலுமாரியில் வைத்துவிடுகின்றனர். உண்மையிற் பழுது பெட்டியிலும் இல்லை, திரையிலும் இல்லை. ஒன்றின் மொழி மற்றதற்கு விளங்கவில்லை என்பதே குறை.

ஒளியாற் கோடிட்ட திரை

பழைய தொலைக்காட்சி ஒரு கண்ணாடிக் குழாய். அதன் பின்புறத்திலிருந்து பாயும் இலத்திரன் கற்றை, ஒளிரும் பூச்சுடைய முகப்பின் மேல் இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடிப் படத்தை வரையும். அமெரிக்காவும் யப்பானும் கையாண்ட முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 கோடுகள். அவை ஒருங்கே வரையப்படுவதில்லை. முதலோட்டத்தில் ஒன்றுவிட்டொரு கோடும், அடுத்த ஓட்டத்தில் எஞ்சிய கோடுகளும் வரையப்படும். செக்கனுக்கு ஏறத்தாழ 60 ஓட்டங்கள். ஓர் ஓட்டத்துக்கு இருநூற்று அறுபத்திரண்டரைக் கோடுகள். அந்த அரைக்கோடே இரண்டாம் ஓட்டத்தின் கோடுகளை முதலோட்டக் கோடுகளின் இடைவெளிகளில் விழச் செய்வது.

விளையாட்டுப் பெட்டிகளை அமைத்த பொறியியலாளர் இந்த அரைக்கோட்டை நீக்கிவிட்டனர். ஓட்டமொன்றுக்கு 262 முழுக்கோடுகள் என்று வகுத்தனர். அவற்றுள் படத்தைத் தாங்குவன ஏறத்தாழ 240. இதனால் ஒவ்வோர் ஓட்டமும் முன்னைய ஓட்டத்தின் மீதே விழுந்தது. படம் நடுக்கமின்றி நின்றது. அசைவு செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. கோடுகளுக்கிடையே மெல்லிய இருள் தங்கியது. அன்றைய ஓவியர்கள் இவ்விருளையும், ஒளிப்பூச்சின் மென்மையான பரவலையும் கண்ணாற் கண்டே தம் உருவங்களைத் தீட்டினர்.

நம் பழைய ஏட்டுச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஏட்டிற் பழகியவர் இடம் நோக்கிப் பிழையின்றி வாசிப்பார். பழகாதவரோ மெய்யை உயிர்மெய்யாகக் கொண்டு சொல்லையே கெடுத்துவிடுவார். புதிய தொலைக்காட்சி இந்தப் பழகாத வாசகனை ஒத்தது. பழைய குழாய் வந்த சமிக்ஞையைப் பின்பற்றி ஓடியதேயன்றி அதற்குப் பொருள்கொள்ள முயன்றதில்லை. புதியதோ படத்தை நினைவகத்தில் வாங்கி, ஆராய்ந்து, பின்னரே காட்டுகின்றது. அரைக்கோடு இல்லாமையை உணராத தொலைக்காட்சிகள் பல, 240 கோடுகளைக் கொண்ட முழுப் படத்தை 480 கோட்டுப் படமொன்றின் பாதி எனப் பிறழக் கொண்டு, அடுத்த படத்துடன் அதனைப் பின்னிவிடுகின்றன. அடிபட்ட வீரன் மின்னி மறைவதைக் காட்ட, ஒன்றுவிட்டொரு படத்தில் மட்டும் அவனை வரைவது அக்கால வழக்கம். அம்மின்னல் இங்கே சிதைந்து, வெறும் கோடுகளாகின்றது.

தாமதமும் இதனாலேயே விளைகின்றது. ஒரு படத்துக்குரிய நேரம் செக்கனின் அறுபதில் ஒரு பங்கு. ஆராய்வதற்கெனத் தொலைக்காட்சி செக்கனின் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், ஆடுபவர் ஆறு படங்கள் பிந்தியே தம் செயலின் பயனைக் காண்பார். பள்ளத்தைத் தாண்ட வேண்டிய வீரன் அதனுள் விழுவதற்கு இதுவே போதும்.

கம்பியின் தரம்

படம் திரையை அடையும் வழியை முதலில் நோக்குவோம். அந்தெனாக் கம்பியின் வழியே, வானலையாக மாற்றி அனுப்புவது மிகத் தாழ்ந்த முறை. அதனினும் மேலானது மஞ்சள் நிறச் செருகியையுடைய கொம்பசிட் கம்பி. ஒளியளவையும் நிறத்தையும் ஒரே கம்பியிற் கலந்து அனுப்புவதால், அவற்றைப் பிரிக்கும்போது நிறம் எல்லை கடந்து கசியும். ஓரங்களிற் புள்ளிகள் ஊரும். இரண்டையும் தனித்தனியே அனுப்பும் எஸ்-வீடியோ இதனிலும் நன்று. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் பிரித்தே அனுப்புவது எல்லாவற்றினும் சிறந்தது. பிரான்சிலே தோன்றி ஐரோப்பாவிற் பரவிய, 21 முனைகளையுடைய 'ஸ்கார்ட்' இணைப்பு இதற்கு வழி செய்தது. மெகா டிரைவ், சுப்பர் பமிகொம் ஆகியவற்றில் இம்மூன்று நிறச் சமிக்ஞைகளும் உள்ளன. தக்க கம்பியை வாங்கிப் பொருத்துவதே வேண்டுவது. பமிகொமின் நிலை வேறு. அதன் படச்சில்லு கலந்த சமிக்ஞையையே நேராக உண்டாக்குவதால், உட்புறத்தை மாற்றியமைத்தாலன்றி நிறங்களைப் பிரித்துப் பெற இயலாது.

பெட்டி எந்த நாட்டுக்கென ஆக்கப்பட்டது என்பதையும் அறிதல் வேண்டும். ஐரோப்பாவும் நம் இலங்கைத் தொலைக்காட்சியும் தழுவிய 'பால்' முறையில் 625 கோடுகள். செக்கனுக்கு 50 ஓட்டங்கள். 60க்கென எழுதப்பட்ட ஆட்டங்கள் பலவற்றைத் திருத்தாமலே 50க்கு விற்றதனால் அவை ஆறில் ஒரு பங்கு வேகங் குன்றி ஓடின. மேலுங் கீழும் கரும்பட்டைகள் தோன்றின. இது திரையின் குற்றமன்று.

இடைநிற்கும் மொழிபெயர்ப்பாளன்

கம்பி நன்றாயினும் அதன் மொழியை அறிந்து புதிய திரைக்கு எடுத்துரைக்க ஒரு கருவி இடையில் வேண்டும். மலிவு விலை மாற்றிகள் பல, தொலைக்காட்சி செய்யும் அதே பிழையைத் தாமும் செய்வன. இதற்கெனவே ஆக்கப்பட்ட கருவிகள் வேறு. 'ஓ.எஸ்.எஸ்.சி.' என்னும் திறந்த வடிவமைப்புக் கருவி, முழுப் படத்தையும் சேமித்து வைக்காமல் வந்த கோட்டையே உடனுக்குடன் இரண்டு முதல் ஐந்து மடங்காகப் பெருக்கி அனுப்புகின்றது. ஆதலின் அது உண்டாக்கும் தாமதம் உணரத் தக்கதன்று. 2023ஆம் ஆண்டில் வந்த 'ரெட்ரோடிங்க் 4கே' இன்னும் நுட்பமானது; விலையும் அதற்கேற்ப மிகுதி.

பெருக்கத்தின் கணக்கு எளியது. 240ஐ மூன்றாற் பெருக்க 720. ஒன்பதாற் பெருக்க 2160. இவ்விரு அளவுத் திரைகளிலும் ஒவ்வொரு பழங்கோடும் சம தடிப்புடன் அமரும். 1080 கோட்டுத் திரையிலோ நாலரை மடங்கு வேண்டும். அதனாற் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் காணும். சுப்பர் பமிகொமின் ஆட்டங்கள் பல 224 கோடுகளையே பயன்படுத்துவன. அவற்றை ஐந்து மடங்காக்க 1120 வரும். மேலுங் கீழுமாகப் பழங்கோடுகள் எட்டை மட்டும் இழந்து, எஞ்சிய படத்தைச் செம்மையாகப் பெறலாம்.

செலவின்றிச் செய்யத்தக்கனவும் உள. தொலைக்காட்சியில் 'கேம் மோட்' என்னும் விளையாட்டு நிலையைத் தெரிவு செய்க. தாமதம் பெரிதும் குறையும். கூர்மையூட்டல், இரைச்சல் நீக்கல், அசைவை வழுவழுப்பாக்கல் ஆகியவற்றை நிறுத்துக. படத்தின் அகல உயர விகிதத்தை 4:3 என அமைக்க. அகன்ற திரை முழுவதும் நிரம்ப வேண்டும் என்ற ஆசையே வட்டத்தை முட்டையாக்குகின்றது.

தெளிவு மட்டும் போதுமா?

இத்தனையும் செய்தபின் ஒரு சிக்கல் எழுகின்றது. 1991இல் வெளிவந்த 'சோனிக்' விளையாட்டின் முதற் கட்டத்தில் ஓர் அருவி உண்டு. ஊடுருவித் தெரியும் நீரை வரைய மெகா டிரைவுக்கு ஆற்றல் போதாது. ஆதலால் ஓவியர்கள் நீரை ஒன்றுவிட்டொன்றாய் நிற்கும் செங்குத்துக் கோடுகளாக வரைந்தனர். கொம்பசிட் கம்பியின் கசிவிலே அக்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னாலுள்ள பாறை தெரியும் நீராயின. நிறங்களைப் பிரித்தனுப்பும் உயர்ந்த கம்பியிற் பார்த்தால், அருவி மறைந்து கம்பிவேலி தோன்றுகின்றது! குறையெனக் கருதி நாம் நீக்கிய கசிவே அங்கு ஓவியனின் தூரிகையாக இருந்தது.

ஆகவே நல்ல படம் என்பது மிகத் தெளிந்த படம் அன்று. ஆக்கியோன் கண்ட படம். இதனை உணர்ந்தே நல்ல மாற்றுக் கருவிகள் கோடுகளுக்கிடையேயான இருளைத் திரும்பவும் இட்டுக்கொள்ள வசதி தருகின்றன. அருவிக்காகப் பழைய மஞ்சள் கம்பியையே விரும்பி வைத்திருப்போரும் உளர். அவர்களைப் பிழைபட்டோர் என்று சொல்வதற்கில்லை.

சில ஆக்கங்கள் எந்த மாற்றுக்கும் இசைவதில்லை. 1984இல் வந்த 'டக் ஹன்ட்' விளையாட்டிலே துப்பாக்கியின் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்சதுரமாக ஒளிரும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணர்வான் அவ்வொளியைக் குறித்த கணத்திலேயே காணவேண்டும். தட்டைத் திரையின் ஒளி பிந்தி வருவதால், எவ்வளவு குறிபார்த்துச் சுட்டாலும் வாத்து விழுவதில்லை. இங்கே கண்ணாடிக் குழாயும் ஆட்டத்தின் ஓர் உறுப்பு. வீடுகளுக்கென அக்குழாய்களைப் பெருந்தொகையாக ஆக்கிய காலம் முடிந்துவிட்டது. எஞ்சியவை ஒவ்வொன்றாய் ஒளியிழக்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளும் அருகி வருகின்றன. மின்னிணைப்பை அகற்றிய பின்னரும் ஆயிரக்கணக்கான வோல்ற் மின்னழுத்தம் குழாயினுள் தங்கியிருக்கக்கூடுமாதலால், பயிலாதோர் அதன் உறையைத் திறத்தல் ஆகாது.

வீட்டு மூலையிற் பழைய தொலைக்காட்சி ஒன்று இன்னும் இயங்குமாயின், பாரமென்று எண்ணி அதனைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை சிந்திப்பது நன்று. அவ்வாறொன்று இல்லாதவர் பெட்டிக்குரிய நல்ல கம்பியையும், அதன் மொழியறிந்த ஒரு மாற்றியையும் தேடிக்கொள்க. தந்தை இளமையில் ஆடிய ஆட்டத்தை மகள் இன்று ஆட அமரும்போது, அவன் கண்ட அருவியை அவளும் காணவேண்டும். அந்த நீர் ஓடுவதற்கு வேண்டிய கசிவும் இருளும் எவ்வளவு என்பதை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்கள் இருக்கும்போதே அவ்வறிவைக் கேட்டு எழுதி வைப்பது, பெட்டிகளைக் காப்பதினும் முந்திய கடமையாகும்.