80-ஐத் தொட்டால் நடுங்கும் பிக்கப்: டயரை மாற்றுமுன் ஷாஃப்டைப் பாருங்கள்

சுங்கை சிப்புட், கோலகங்சார், பீடோர் என்று பேராக்கில் எந்தப் பக்கம் போனாலும், ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. பல இடங்களில் லயங்கள் போய்விட்டன. செம்மண் பாதை மட்டும் அப்படியே இருக்கிறது. துரையின் லேண்ட் ரோவர் போன அந்தப் பாதையில் இப்போது நம்மவர்களின் பிக்கப் போகிறது. குலை ஏற்ற, உரம் இறக்க, கோயில் திருவிழாவுக்குச் சாமான் கொண்டுபோக, பேரப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட, எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான்.

இந்த வண்டிகளுக்கு வரும் ஒரு வியாதி இருக்கிறது. ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. நெடுஞ்சாலையில் ஏறி 80-ஐத் தொட்டதும் காலடியில் ஒரு ரீங்காரம் தொடங்கும். 90-இல் இருக்கையே நடுங்கும். கண்ணாடியில் பின்னால் வரும் கார் இரண்டாகத் தெரியும். பெரும்பாலோர் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டிவிடுகிறார்கள். ரேடியோவில் பேசுகிறவன் என்ற முறையில் எனக்கு அது லாபம்தான். ஆனாலும் சொல்கிறேன், அப்படிச் செய்யாதீர்கள்.

வானொலிக்காரனுக்கு வண்டிக்கு அடியில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்த வியாதியைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது நல்ல காது. என் தொழிலே அதுதான்.

நான்கு டயர், இரண்டு மவுண்டிங், ஒரு கியர்பாக்ஸ்

என் மாமா சுங்கை சிப்புட் பக்கம் சிறிதளவு செம்பனை வைத்திருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்தவர். ஓய்வுக்குப் பிறகு அவருக்குச் சோறு போடுவது அந்தக் குலைகளும், அவற்றைச் சுமக்கும் பழைய டீசல் பிக்கப்பும்தான். வண்டி அதிரத் தொடங்கியதும் ஒரு கடையில் காட்டினார். டயர் தேய்ந்துவிட்டது என்றார்கள். நான்கு டயர் மாற்றினார், 1,800 ரிங்கிட். அதிர்வு போகவில்லை. வேறொரு கடையில் இன்ஜின் மவுண்டிங் என்றார்கள். இரண்டையும் மாற்றினார். அதிர்வு போகவில்லை. மூன்றாவது கடையில் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும், 4,000 ரிங்கிட்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். மாமா வண்டியை விற்றுவிடலாமா என்று யோசிக்கத் தொடங்கினார். வண்டி போனால் குலையை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

இங்கே நடந்தது ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. டயரும் தேய்ந்துதான் இருந்தது. ஆனால் அந்த மூன்று கடைகளிலும் யாரும் வண்டியை 90-இல் ஓட்டிப் பார்க்கவில்லை.

சக்கரம் ஒரு சுற்று, ஷாஃப்ட் நான்கு சுற்று

பிக்கப்பில் இன்ஜின் முன்னால் இருக்கிறது, தள்ளுவது பின்சக்கரம். நடுவில் ஒரு நீண்ட இரும்புக் குழாய் சுழன்று சக்தியைக் கொண்டுபோகிறது. அதுதான் புரோப்பெல்லர் ஷாஃப்ட். நீளமான வண்டிகளில் அது இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ரப்பருக்குள் பொதிந்த ஒரு சென்டர் பேரிங் அதைத் தாங்கிப் பிடிக்கும். வளைய வேண்டிய இடங்களில் சிலுவை வடிவ யூ-ஜாயிண்ட்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மாமாவின் வண்டி டயரில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளி, தரையில் அளந்தோம். 2.4 மீட்டர். அந்த ஒரு சுற்றுக்குள் ஷாஃப்ட் சுமார் நான்கு முறை சுற்றியது. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு 25 மீட்டர். அப்படியானால் சக்கரம் விநாடிக்குச் சுமார் 10 சுற்று, ஷாஃப்ட் சுமார் 42 சுற்று.

நோயைப் பிரித்துக் காட்டுவது இந்த எண்கள்தான். டயரிலோ ரிம்மிலோ கோளாறு என்றால் 90-இல் விநாடிக்கு 10 அதிர்வு வரும். அதைக் காதால் கேட்க முடியாது. கையும் உடம்பும்தான் உணரும். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங் ஆடும், பின்சக்கரம் என்றால் இருக்கை ஆடும். ஷாஃப்ட் எடை சமமாக இல்லையென்றால் விநாடிக்கு 42. தவுலின் தொப்பி அதிர்வதுபோல் ஆழமான முழக்கம். யூ-ஜாயிண்டில் கோளாறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை, அதாவது சுமார் 83. ஆழ்ந்த ஆண் குரலின் அடித்தளம் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஸ்டூடியோ மைக்குகள் பலவற்றில் அதற்குக் கீழே உள்ள இரைச்சலை வெட்ட ஒரு பொத்தானே இருக்கும்.

வேலைக்குக் கொண்டுபோகும் ஒலிப்பதிவுக் கருவியை மாமா வண்டியின் தரையில் வைத்தேன். மாமா ஓட்ட, நான் வேகத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன்: அறுபது, எழுபது, எண்பது, தொண்ணூறு. பிறகு கணினியில் போட்டு எந்த அலைவரிசையில் சத்தம் தூக்கி நிற்கிறது என்று பார்த்தேன். 60-இல் சுமார் 56. 90-இல் சுமார் 83. பக்கத்தில் 42-இல் ஒரு சிறிய மேடு. 10-இல் ஒன்றுமே இல்லை. புது டயர்மீது பழி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இதற்கு என்னைப் போல் கருவி வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘பைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி கைப்பேசியிலேயே அதிர்வை அளந்து காட்டும். ஒன்று மட்டும்: கைப்பேசி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கையில் இருக்கட்டும், ஓட்டுநர் கையில் வேண்டாம்.

‘கடைசியா எதைக் கழட்டுனீங்க?’

மெங்லெம்பு என்றால் நமக்குக் கச்சான்தான் ஞாபகம் வரும். அந்தப் பக்கம் இரும்புப் பட்டறைகளும் உண்டு. அங்கே ஷாஃப்ட் வேலை செய்யும் ஓர் அண்ணனிடம் போனோம். அவர் அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவராம். நான் எண்களைச் சொன்னதும் சிரித்துவிட்டு மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, இந்த ஆட்டம் வர்றதுக்கு முன்னால கடைசியா அடியில எதைக் கழட்டுனீங்க?”

மாமா யோசித்தார். “யூ-ஜாயிண்ட் ஒண்ணு மாத்துனேன் தம்பி. சத்தம் வருதுன்னு.”

“அதுக்கு அப்புறந்தான் ஆட்டமா?”

“ஆமா… அதுக்கப்புறந்தான்.”

வண்டியை மேலே தூக்கியதும் அண்ணன் விரலால் காட்டினார். ஷாஃப்டின் பின்துண்டு நடுவில் கழன்று பொருந்தும் பல் அமைப்பு உடையது. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது நீளம் கூடிக் குறைவதற்காக அந்த ஏற்பாடு. யூ-ஜாயிண்ட் மாற்றியவர்கள் அதைக் கழற்றி, திரும்பப் பூட்டும்போது ஒன்றிரண்டு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறார்கள். இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே நேரில் நிற்காமல் முறுக்கிக்கொண்டு நின்றன. கழற்றுமுன் சுண்ணாம்பாலோ பெயிண்டாலோ ஒரு கோடு போட்டிருந்தால் போதும். கோடு போடாததற்கு மாமா கொடுத்த விலை நான்கு டயரும் இரண்டு மவுண்டிங்கும்.

கவைகள் நேராக நிற்பது ஏன் முக்கியம்? சாய்ந்து சுழலும் யூ-ஜாயிண்ட் ஒரே சீராகச் சுழலாது. உள்ளே வருவது ஒரே வேகம் என்றாலும் வெளியே போவது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறையும். 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் இதை ஆராய்ந்திருக்கிறார். சாய்வு 3 டிகிரி என்றால் ஏற்ற இறக்கம் 0.14 விழுக்காடுதான். 10 டிகிரி என்றால் அதுவே 1.5 விழுக்காடு. முன்முனை ஜாயிண்ட் செய்யும் தப்பைப் பின்முனை ஜாயிண்ட் நேர் எதிராகச் செய்து சரிக்கட்டிவிடும். அதற்குக் கவைகள் ஒரே நேரில் இருக்க வேண்டும், இரு பக்கச் சாய்வும் சமமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903-இல் காருக்கேற்ற யூ-ஜாயிண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அன்றிலிருந்து இந்த விதி மாறவில்லை.

பல்லைச் சரியாகப் பூட்டியதும் 83-இன் ரீங்காரம் ஏறக்குறைய அடங்கியது. ஆனால் மாதக்கணக்கில் அடித்த அதிர்வில் சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்திருந்தது. அதையும் மாற்றி, ஷாஃப்டை இயந்திரத்தில் சுழலவிட்டு பேலன்ஸ் செய்து, ஒரு சின்ன இரும்புத் துண்டை வெல்டிங் வைத்தார்கள். 42-இன் மேடும் தணிந்தது. எல்லாம் சேர்த்து நான்கு டயரின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை.

அந்தக் கிழிந்த ரப்பரை மாமா கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அதிர்வை விழுங்குவதில் இயற்கை ரப்பருக்கு இன்றும் தனி மரியாதை உண்டு. 1877-இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்தின் அருகே மரமாக நிற்கிறது. “நம்ம வெட்டுன பாலு இங்க வந்து கெடக்கு பாரு,” என்றார் மாமா.

நீங்களே செய்யக்கூடிய சோதனை

முதலில் வண்டியைக் கழுவுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செம்மண் சேறு ரிம்மின் உள்பக்கமும் ஷாஃப்டிலும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஷாஃப்டில் ஒரு பக்கம் 20 கிராம் சேறு ஒட்டினாலே, 90-இல் அது சுமார் ஐந்தரைக் கிலோ விசையோடு விநாடிக்கு 42 முறை சுற்றி இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்காகும்.

அடுத்து, வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை முடுக்குங்கள். அதே அதிர்வு நின்ற இடத்திலேயே வந்தால் இன்ஜின் பக்கம் பாருங்கள். வரவில்லையென்றால், காலியான சாலையில் அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். இன்ஜின் வேகம் மாறியும் அதிர்வு மாறவில்லையென்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு எண்ணெயை மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதித்தால் கூடி, விட்டால் குறைந்தால் ஜாயிண்டையும் சாய்வையும் சந்தேகியுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் எடைச் சமநிலையைச் சந்தேகியுங்கள். புறப்படும்போது மட்டும், அதுவும் பாரத்தோடு குலுங்கினால், சென்டர் பேரிங்கைப் பாருங்கள்.

அடியில் பார்ப்பதைப் பட்டறை லிஃப்டில் வைத்தே செய்யுங்கள். வெறும் ஜாக்கை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டாம். யூ-ஜாயிண்ட் மூடியைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கையால் ஷாஃப்டை ஆட்டினால் ஜாயிண்டில் ஆட்டம் தெரியக்கூடாது. குழாயில் நசுங்கல் இருக்கிறதா, பழைய பேலன்ஸ் துண்டு விழுந்த தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரீஸ் முனை உள்ள ஜாயிண்ட் என்றால், சேற்றில் இறங்கும் வண்டிக்கு அடிக்கடி கிரீஸ் அடிப்பது மிகவும் மலிவான வைத்தியம்.

வண்டியை உயர்த்தும் தம்பிகளுக்கு

பிக்கப்பை உயர்த்தி, பெரிய டயர் போடுவது இளைஞர்களுக்குப் பிடிக்கும். உயர்த்தினால் ஷாஃப்டின் சாய்வு கூடும், அல்லது இரு முனைச் சாய்வும் சமன் தப்பும். நெடுஞ்சாலை வேகத்துக்கு ஒவ்வொரு ஜாயிண்டின் சாய்வும் 3 டிகிரிக்குள், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 1 டிகிரிக்குள் இருப்பது நல்லது. லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு வைத்தும், சென்டர் பேரிங்கைக் கொஞ்சம் கீழே இறக்கியும் இதைச் சரிசெய்யலாம். சாய்வை அளக்காமல் உயர்த்தித் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஜே.பி.ஜே. அனுமதி இல்லாமலும் உயர்த்தாதீர்கள்.

இந்த ரீங்காரத்தை வெறும் தொந்தரவு என்று நினைத்து விட்டுவிடக்கூடாது. காய்ந்த ஜாயிண்ட் ஒருநாள் உடையும். முன்முனை கழன்று சாலையில் குத்தினால் வண்டியே தூக்கிப் போடப்படலாம்; பின்முனை கழன்றால் இழுப்பு போய், ஷாஃப்ட் அடித்தளத்தை அடித்துக் கிழிக்கும். அந்த வண்டியில் பிள்ளைகளும் போகிறார்கள்.

அதனால் அடுத்த முறை பட்டறைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வேகத்தில் தொடங்குகிறது, எங்கே தெரிகிறது, மிதித்தால் கூடுகிறதா, எப்போதிலிருந்து, அதற்கு முன் எதைக் கழற்றினோம். தாளைக் கொடுத்துவிட்டு, “அண்ணே, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு சொல்லுங்க” என்று கேளுங்கள். ஓட்டிப் பார்க்கிறவர் நல்ல மெக்கானிக். ஓட்டாமலே விலை சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.