கரிப்பழுப்பு நிறமும் கதவு நிலையும்

காபிக்கொட்டை வறுக்கும்போது ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் ஒரு நிறம் வருமே, அடுப்புக்கரியும் பழுப்பும் கலந்தாற்போல! அதைத்தான் இப்போது வீட்டின் உள்சுவருக்கு அடிக்கிறார்கள். அமெரிக்காவின் ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயிண்ட் கம்பெனி 2021-ன் 'ஆண்டின் நிறம்' என்று அறிவித்த 'அர்பேன் பிரான்ஸ்' இதற்கு நெருங்கிய உறவு. நம் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் அடுக்குமாடிகளிலும் ஒன்றிரண்டு வீடுகளில் பார்த்தேன். நிறம் அழகுதான். எங்கே அடிப்பது என்பதில்தான் எனக்கு அபிப்பிராய பேதம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைகளும் நாள்பட்டுக் கறுத்து ஏறக்குறைய இந்த நிறத்துக்கு வந்திருக்கும். ஆனால் பக்கத்தில், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த வெள்ளைச் சுவர். நடுவில் வானம் பார்த்த முற்றம். நமக்கு முற்றம் ஏது? ஒரு பக்கம் பால்கனி, அதிலும் பாதியைத் துணி காயும் கொடி மறைத்திருக்கும்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நல்ல வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும்; இந்தக் கரிப்பழுப்பு தருவது சுமார் 8. நூறு பங்கு ஒளி வெள்ளைச் சுவர்களில் மூன்று முறை மோதிய பிறகும் 51 பங்கு மிஞ்சும். இதிலோ இரண்டாவது மோதலிலேயே ஒரு பங்குகூட மிஞ்சாது. நான்கு சுவருக்கும் அடித்தால் பகலிலேயே விளக்குப் போடவேண்டியதுதான். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதில் போனதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

(அறை சூடாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். வெயில் படாத உள்சுவரில் அந்தப் பயம் வேண்டாம். சூடு மொட்டை மாடியிலும் மேற்குப் பார்த்த வெளிச்சுவரிலும்தான் இறங்குகிறது. தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்ததும் கூரைக்காகத்தான்.)

எங்கள் வீட்டில் மகனும் மருமகளும் ஹால் முழுவதற்கும் இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். "அப்பா, உங்களுக்கு ரயில்வே கிரீம் கலரைத் தவிர வேறு தெரியாது" என்றான் மகன். என் அம்மாவுக்கு வயது 88, கண்ணில் நீர் அழுத்த நோய். வெள்ளைச் சுவரில் வெள்ளைக் கதவு, வெள்ளை ஸ்விட்ச். இரவில் எழுந்தால் எதுவும் பிரிந்து தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே போவார். ஒரு நாள் குளியலறை என்று நினைத்து அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு நின்றார். இந்த வயதில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் மஞ்சளின் மேல் கறுப்பு எழுத்து இருப்பதால்தான் ஓடும் வண்டியிலிருந்தும் படிக்க முடிகிறது. பிளாட்பாரத்தின் ஓரக் கோடும் அப்படியே. அந்த வேலையைக் கரிப்பழுப்பும் செய்யுமே என்று மகனிடம் சொன்னேன். டி.வி. இருக்கும் சுவர் ஒன்று மட்டும் அவர்கள் ஆசைப்படி ஆயிற்று. மற்ற மூன்றும் வெள்ளை. குளியலறைக் கதவு நிலை, அதன் வாசல்படி விளிம்பு, ஸ்விட்சைச் சுற்றி நாலு அங்குலப் பட்டை, இவையெல்லாம் கரிப்பழுப்பு. அம்மா இப்போது தடவாமல் போகிறார். "இந்தக் கதவு எங்கே இருக்கிறதென்று இப்போதுதான் தெரிகிறது" என்றார்.

அடிக்க நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். இந்த மாதிரி அடர் நிறங்களில் வெள்ளை நிறமி குறைவு, சாயம் அதிகம். வெள்ளைப் பிரைமர் மேல் நேராக அடித்தால் இரண்டு கோட்டில் சரியாக மூடாது. பிரைமரிலேயே சாம்பல் நிறம் கலக்கச் சொல்லுங்கள். பளபளப்பு அதிகமானால் பட்டியின் மேடு பள்ளமெல்லாம் காட்டிக்கொடுக்கும். முழு மேட் ஆனால் கை உராய்ந்த இடம் வெளுத்துத் தெரியும். சுவருக்கு இரண்டுக்கும் நடுவில் ஒன்று நல்லது. நிலைக்கு எனாமல்தான். வேண்டிய பெயிண்ட்டை ஒரே தடவையில் கலந்து வாங்கிவிடுங்கள். மறுமுறை கலப்பதில் சற்று மாறினாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். எங்களுக்கு அரை லிட்டர் எனாமல் மிஞ்சியிருக்கிறது. பால்கனிப் படியின் விளிம்புக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன்.