கணையப் புற்றுநோய்: கூட்டு மருந்து எதைத் தரும், எதைத் தராது?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது. அங்கே கட்டி வளர்ந்தால் கைக்குத் தட்டுப்படாது. பசி மந்தம், முதுகு வலி, எடைக் குறைவு என்று எதையெதையோ நினைத்து நாட்கள் ஓடிவிடும். மஞ்சள் காமாலை வந்து ஸ்கேன் எடுக்கும்போது, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருக்கும். ஒன்று, குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியைக் கட்டி வளைத்திருக்கும். இல்லையென்றால் கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவியிருக்கும். மிஞ்சுவது பெரும்பாலும் கீமோதான்.

அந்தக் கீமோவும் நெடுங்காலம் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. 1997-இல் வந்த ஜெம்சிடபின், நாலரை மாதத்துக்குக் கிட்டிய சராசரி ஆயுளை ஐந்தரை மாதத்துக்குச் சற்று மேல் கொண்டுபோனது. அதன்பின் ஜெம்சிடபினோடு வேறு மருந்துகளைச் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார்கள். 2007-இல் எர்லோடினிப் சேர்த்ததில் கூடுதலாகக் கிடைத்தது சுமார் பத்து நாள். புள்ளியியல் கணக்கில் அது வெற்றி. நோயாளியின் வீட்டில் அப்படிச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

திருப்பம் 2011-இல் பிரான்ஸிலிருந்து வந்தது. தியரி கோன்ரோய் தலைமையிலான குழு ஜெம்சிடபினை ஒதுக்கிவிட்டு, ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற கூட்டைச் சோதித்தது. இதில் ஃப்ளூரோயுராசில், டிஎன்ஏ கட்டத் தேவையான மூலப்பொருள் உருவாகாமல் தடுக்கிறது. ஆக்ஸாலிபிளாட்டின் டிஎன்ஏவில் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கி அதை முடக்குகிறது. இரினோடீகன், முறுக்கவிழ்ப்பதற்காக வெட்டப்பட்ட இழை மறுபடி ஒட்டவிடாமல் செய்கிறது. நான்காவதான லூகோவோரின் புற்றணுவைக் கொல்லாது. ஃப்ளூரோயுராசிலின் பிடியை இறுக்கும் துணை மருந்து அது. ஒரு மருந்துக்குத் தப்பிய அணு இன்னொன்றில் சிக்கும் என்பதுதான் கணக்கு.

நோய் பரவிய 342 பேரிடம் சோதித்தார்கள். ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 6.8 மாதத்தைத் தாண்டினார்கள். கூட்டு மருந்தில் அது 11.1 மாதம். கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் 9.4 சதவீதத்திலிருந்து 31.6 சதவீதமாக உயர்ந்தார்கள்.

விலையும் சிறிதல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிகிச்சை. ஃப்ளூரோயுராசில் மட்டும் 46 மணி நேரம் பம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதற்காக மார்புத் தோலுக்கடியில் போர்ட் வைப்பார்கள். வெள்ளையணுக்கள் சரியும், வயிற்றுப்போக்கு வாட்டும். ஆக்ஸாலிபிளாட்டினால் ஃப்ரிட்ஜுக்குள் கை விட்டாலே விரல் சுரீரென்னும், குளிர்ந்த நீர் தொண்டையை இறுக்கும். ஆனால் இதே ஆய்வில் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. ஆறு மாத முடிவில் வாழ்க்கைத் தரம் மீளாமல் சரிந்தவர்கள் ஜெம்சிடபின் பிரிவில் 66 சதவீதம். கடுமையான கூட்டு மருந்துப் பிரிவில் 31 சதவீதம்தான். மருந்தைவிட நோய்தான் கொடியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 75 வயதுக்குட்பட்டவர்கள், நடமாட்டம் நன்றாக இருந்தவர்கள், காமாலையை உண்டாக்கும் பிலிரூபின் கட்டுக்குள் இருந்தவர்கள். காமாலை இருந்தால் பித்தநாளத்தில் ஸ்டென்ட் வைத்துப் பிலிரூபினை முதலில் இறக்கியாக வேண்டும். இவ்வளவு தாங்காதவர்களுக்கு, 2013-இல் நிரூபிக்கப்பட்ட ஜெம்சிடபின்–நாப்-பாக்ளிடாக்செல் ஜோடி உண்டு. அதில் கிடைத்தது 8.5 மாதம். 2023-இல் முடிவு வெளியான நாலிரிஃபாக்ஸ் என்ற கூட்டு, இந்த ஜோடியோடு நேருக்கு நேர் மோதி 11.1க்கு 9.2 என்று வென்றது. ஆனால் பழைய ஃபோல்ஃபிரினாக்ஸோடு அது அந்த ஆய்வில் மோதவில்லை. புதிது என்பதாலேயே மேல் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

கட்டி பரவாமல் தமனியை மட்டும் வளைத்திருக்கும் சிலருக்கு, மருந்தில் சுருங்கி அறுவை சிகிச்சைக்கு வழி திறப்பதுண்டு. மற்றவர்களுக்கு நோக்கம் குணமாக்குவதல்ல, காலத்தை நீட்டுவதும் வலியைக் குறைப்பதும். உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால், அறுவை சிகிச்சைக்கு வழி திறப்பதா, காலத்தை நீட்டுவதா, எது நோக்கம் என்று டாக்டரிடம் முதல் நாளே கேளுங்கள். சிகிச்சையைத் தேர்வு செய்ய உதவும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றியும் வலி நிவாரணப் பிரிவு பற்றியும் கேளுங்கள். கீமோ நடக்கும் காலத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.