மனசுக்குள்ளே ஒரு தியேட்டர்... சிலருக்கு ஸ்க்ரீன் கிடையாது!

ஒரு சின்னப் பரீட்சை. ஃபீஸ் கிடையாது, பாஸ்-ஃபெயிலும் கிடையாது.

இந்தப் பாராவைப் படித்து முடித்ததும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். (பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கும் அன்பர்களுக்கு மட்டும் விலக்கு.) இன்று காலையில் சாப்பிட்ட டிபனை மனசுக்குள் கொண்டு வாருங்கள். தட்டு எவர்சில்வரா, பீங்கானா? சட்னி என்ன நிறம்? இட்லியில் ஆவி பறக்கிறதா? எல்லாம் கலர் டி.வி. மாதிரி பளிச்சென்று தெரிகிறதா, பழைய பிளாக் அண்ட் ஒயிட் மாதிரி மங்கலா, அல்லது... ஒன்றுமே தெரியவில்லையா?

'ஒண்ணுமே தெரியாம எப்படி சார் இருக்கும்?' என்று உங்களில் பலர் சிரிப்பீர்கள். ஒரு சிலர் மட்டும், 'அப்படின்னா மத்தவங்களுக்கு நிஜமாவே தெரியுதா? மனக்கண்ங்கறது சும்மா பேச்சுக்குச் சொல்றது இல்லையா?' என்று திகைத்துப் போயிருப்பீர்கள். இந்த இரண்டு கோஷ்டியும் ஒரே ஆபீஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, விஷயமே தெரியாமல் ரிடையர் ஆகிவிடுகிறார்கள். அதுதான் வேடிக்கை.

(என் கேஸ்? மங்கலான பிளாக் அண்ட் ஒயிட். அதுவும் நடுநடுவே கரன்ட் கட்.)

பரீட்சை என் சொந்தச் சரக்கில்லை. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்று ஒரு ஆசாமி, டார்வினுக்குச் சொந்தக்காரர். எதைப் பார்த்தாலும் எண்ணிப் பார்க்கிற, அளந்து பார்க்கிற ரகம். அவர் 1880-ல் வெளியிட்ட சர்வே இது. இட்லிக்குப் பதில் அவர்கள் ஊர் காலைச் சாப்பாட்டு மேஜை, அவ்வளவுதான். முதலில் தனக்குத் தெரிந்த விஞ்ஞானிகளிடம் கேட்டார். அதில் பல பேர், 'மனசுக்குள்ளே படமா? என்னய்யா இது கற்பனை!' என்கிற தினுசில் பதில் எழுத, மனிதர் அசந்து போனார். மற்றவர்களிடம் கேட்டால், 'ஏன் தெரியாமல்? கலரோடு தெரிகிறதே!' என்கிறார்கள்.

அப்புறம் இந்த விவகாரம் ரொம்ப காலம் ஏறக்குறைய பரணில்தான் கிடந்தது. 1973-ல் டேவிட் மார்க்ஸ் என்கிற மனோதத்துவ நிபுணர் பதினாறு கேள்வி தயாரித்து, படம் எவ்வளவு தெளிவு என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வழி செய்தார். ஆனால் படமே வராதவர்களுக்குப் பெயர் வைக்க ஒருவர் வர வேண்டியிருந்தது.

அவர் பிரிட்டிஷ் நரம்பியல் நிபுணர் ஆடம் ஜீமன். அவரிடம் வந்த அறுபத்தைந்து வயதுக்காரர், கட்டட சர்வேயராக இருந்து ரிடையர் ஆனவர். இருதய ரத்தக் குழாயில் அடைப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு மனசுக்குள் படம் ஓடுவது அடியோடு நின்றுவிட்டது. முகம் பார்த்தால் ஆளைத் தெரிகிறது, ஞாபக சக்திப் பரீட்சையில் குறைவில்லை. கண்ணை மூடினால் மட்டும் இருட்டு. இவரைப் பற்றி 2010-ல் பத்திரிகையில் வந்ததும், 'எனக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்' என்று இருபத்தொரு பேர் ஜீமனுக்குத் தகவல் அனுப்பினார்கள். 2015-ல் அவர் வைத்த பெயர் 'அஃபான்டேசியா'. ஃபான்டேசியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் ஒரு 'அ'. நம்மூர் நியாயம், அநியாயம் மாதிரி!

நூறு பேர் வேலை பார்க்கும் ஆபீஸில் ஏறக்குறைய ஒருவருக்கு மனத்திரை சுத்தமாக இருட்டு. இன்னும் இரண்டு மூன்று பேருக்கு ரொம்ப மங்கல். எதிர்ப்பக்கத்தில், நினைத்தவுடன் நேரில் பார்ப்பது போலவே பார்க்கிறவர்களும் இரண்டு மூன்று பேர் உண்டு.

'சும்மா ரீல் விடறாங்களோ?' என்பவர்களுக்கு: சிட்னியில் 2022-ல் ஒரு பரிசோதனை செய்தார்கள். வெளிச்சமான பொருளைக் கற்பனை செய்தாலே சாதாரண ஆசாமிக்குக் கண்ணின் பாப்பா கொஞ்சம் சுருங்கும். அஃபான்டேசியாக்காரர்களுக்கு நிஜ வெளிச்சத்தைப் பார்த்தால் சுருங்கியது, கற்பனையில் சுருங்கவில்லை. கண்பாப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

'ஐயோ பாவம்' என்று உச்சுக் கொட்ட வேண்டாம். 'டாய் ஸ்டோரி' எடுத்தார்களே பிக்ஸார், அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கு மனசுக்குள் படம் வராது. டிஸ்னியில் 'லிட்டில் மெர்மெய்ட்' கடல்கன்னியை வரைந்த க்ளென் கீனுக்கும் அப்படித்தான். மனசில் தெரியாததைப் பேப்பரில் வரைந்து வரைந்து கண்டுபிடித்தார் மனிதர்!

என் நண்பன் ஒருவன் பாங்க்கில் இருக்கிறான். அம்மா போய் மூன்று வருஷம். திவசத்துக்கு வந்த அக்கா, 'கண்ணை மூடினா அம்மா அப்படியே வந்து நிக்கறாடா' என்று அழுதிருக்கிறாள். இவனுக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை.

'எனக்கு வரவே இல்லைடா. போட்டோவைப் பார்த்தாத்தான் முகமே தெரியுது. பாசம் இல்லாத ஜன்மமா நான்?'

'சரி, அம்மாவைப் பத்திச் சொல்லு' என்றேன்.

சொன்னான். புடவைத் தலைப்பில் முடிந்து வைத்த ஒற்றை ரூபாய். காப்பிக்குச் சர்க்கரை போட்டுவிட்டு 'போட்டேனோ?' என்று மறுபடி ஒரு ஸ்பூன். மாடிப்படி ஏறும்போது மூன்றாவது படியில் ஒரு இருமல். முக்கால் மணி நேரம் நிறுத்தவில்லை.

பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த உதாரணம்தானே வரும்? அக்காவிடம் இருப்பது ஆல்பம். இவனிடம் இருப்பது லெட்ஜர். ஒரு என்ட்ரிகூட விட்டுப் போகவில்லை. ஆல்பம் இல்லை என்பதற்காகக் கணக்கே இல்லை என்று யார் சொன்னது?

'கனவுல வர்றாங்களா?' என்று கேட்டேன். படமே வராத பலருக்குக் கனவில் மட்டும் படம் வரும் என்று படித்திருந்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். 'வருவாங்க. நல்லாத் தெரியும். முழிச்சா போயிடும்.'

அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தனக்கு இருப்பதற்கு ஒரு பெயர் உண்டு, அது வியாதி இல்லை, பாசக் குறைவும் இல்லை என்று தெரிவதே பாதி மருந்து.

ஆகவே மேனேஜர்களே, 'மனசுல கொண்டு வந்து பாருப்பா' என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். பேப்பரில் நாலு கோடு கிழித்துக் காட்டுங்கள். வழி சொல்லும்போது 'அந்தப் பச்சைக் கேட் வீடு, ஞாபகம் இல்லே?' என்று மனைவி கேட்டு, கணவர் திருதிருவென்று விழித்தால், உடனே சண்டை வேண்டாம். 'இடது பக்கம் நாலாவது வீடு' என்றால் ஒருவேளை டாண் என்று போய் நிற்பார்.

இன்று டீ டயத்தில் பக்கத்து சீட்காரரிடம் இட்லிக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன பதில் சொன்னாலும் சிரிக்காதீர்கள். டீக்குக் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள்.