கல்நாரும் காகித ஆலையும்: தாமதமாக வரும் நோய், முந்திக்கொள்ளும் கெடு

சேலம் நகருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையே வெளுத்துக் கிடக்கும் குன்றுகளில் வெட்டப்படும், உள்ளூரார் வெள்ளைக்கல் என்று சொல்லும் மேக்னசைட்டும், ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் வகைகளில் உலகெங்கும் மிகுதியாகப் பயன்பட்ட வெள்ளைக் கல்நாரும், மக்னீசியம் மிகுந்த பாறைகள் உருமாறுவதால் பிறப்பவை. எனினும் ஏற்காட்டு மலையடிவாரத் தொழிலாளி கல்நாரை எதிர்கொள்ளும் இடம் பாறையன்று, நீராவி ஓடும் ஆலை. மலையில் காகித ஆலை கிடையாது. கீழே காவிரிக்கரையில் பள்ளிபாளையமும் புகளூரும் காகிதத்துக்குப் பெயர் பெற்றவை. இங்கே பேசப்படுவது தனி ஓர் ஆலையின் குற்றமன்று, பழைய காகித ஆலைகளின் பொது அமைப்பு.

காகிதம் செய்வதில் பெரும்பகுதி வேலை, கூழிலிருந்து தண்ணீரை விரட்டுவதுதான். ஈரத்தாள், உள்ளே நீராவி பாயும் இரும்பு உருளைகள் பலவற்றின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக் காய்கிறது. அதை உருளையோடு அழுத்திப் பிடிக்கும் கனத்த துணியான ஃபெல்ட், ஓயாத சூட்டைத் தாங்க வேண்டியிருந்ததால், முற்காலத்தில் உலகின் பல ஆலைகளில் கல்நார் நூல் கலந்தே நெய்யப்பட்டது. அதன் ஓரம் தேய்ந்து உதிர்ந்ததை அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் கூடமெங்கும் பரவின. பாய்லரையும் நீராவிக் குழாய்களையும் சுற்றிப் பூசிய வெப்பக்காப்பு, வால்வுகளில் திணித்த கயிறு, குழாய் இணைப்புகளின் கேஸ்கட் ஆகியவற்றிலும் கல்நார் இருந்தது. ஷட்டவுன் நாட்களில் பழைய பூச்சைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்த ஃபிட்டரும், கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளிய ஒப்பந்தத் தொழிலாளியும், அந்த வேலையுடுப்பை வீட்டில் உதறித் துவைத்த மனைவியும் ஒரே தூசியைத்தான் சுவாசித்தார்கள்.

மூச்சுடன் நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை இறங்கும் இந்த இழையை உடலின் காவல் அணுக்களால் செரிக்க முடிவதில்லை. அதைச் சுற்றி மெல்லத் தழும்பு படர்ந்து நுரையீரல் விறைத்துப்போவதே ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைப் போர்த்திய மெல்லுறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோயும் இதனால் வரக்கூடியவை. புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பன்மடங்காகும். இவை வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் வரை, சில வேளை அதற்கும் மேல் பிடிக்கும். படியேறினால் இரைக்கிறது, வறட்டு இருமல் விடவில்லை என்று வரும் முதியவரை டிபி நோயாளியாகக் கருதிவிடுவது நம் நாட்டில் எளிது. அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்ற ஒரு கேள்வி கேட்கப்படாமலே மருந்துச்சீட்டு எழுதப்பட்டுவிடும்.

இழப்பீட்டுச் சட்டம் நடக்கும் வேகமோ வேறு. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸ் தொழில்சார் நோயாக இடம்பெற்றிருந்தது, தமிழ்நாட்டில் அச்சட்டத்தின்கீழ் மனுக்களைத் தொழிலாளர் துணை ஆணையர் விசாரித்துவந்தார், இ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவருக்கு வழி தனி. ஆனால் கோரிக்கைக்குப் பொதுவான கெடு இரண்டு ஆண்டு. வேலையை விட்டவருக்கென அச்சட்டம் தந்த விதியும், விட்ட இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தோன்றியவரையே கருதியது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம் என்ற விலக்கு ஒன்று உண்டு. கல்நார் நோயாளிக்கு அந்த விலக்கே பிரதான வாசலாகிவிடுவது விந்தைதான். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் பழைய சட்டத்தைத் தன்னுள் அடக்கியபோதும், நோயின் காலக்கணக்கு மாறிவிடவில்லை.

இந்த இடைவெளியை உச்ச நீதிமன்றம் அறிந்திருந்தது. அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று அளித்த தீர்ப்பில், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. நோய் உறுதிசெய்யப்பட்டவருக்கு 1 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டோ, வேலையை விட்டபின் 15 ஆண்டோ, இவற்றுள் எது பின்னதோ அதுவரை வைத்திருக்கவும் உத்தரவிட்டது. அவ்வழக்கின் கண்முன் நின்றவை கல்நார்ச் சுரங்கங்களும் கல்நார்ப் பொருள் செய்யும் ஆலைகளும். காகித ஆலை ஃபிட்டரின் அடையாள அட்டையில் கல்நார் என்ற சொல்லே இராது. ஒப்பந்தக்காரரின் மஸ்டர் ரோலில் பெயரே இல்லாதவருக்கு உடல்நலப் பதிவேடு எங்கிருந்து வரும்? காகிதம் செய்யும் ஆலையில் உழைத்தவர் தம் வழக்குக்கு ஒரு காகிதம் கிடைக்காமல் திண்டாடுகிறார்.

பதிவேடு ஒழுங்காக இருந்தாலும் கணக்கு எப்போதும் இசைவதில்லை. 1980இல் இருபது வயதில் சேர்ந்து, ஐந்து ஆண்டு குழாய்ப்பூச்சு பெயர்க்கும் வேலை செய்து 1985இல் விலகிய ஒருவரை எடுத்துக்கொண்டால், அவருடைய ஏட்டை 2020க்குப் பின் ஆலை வைத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. அப்போது அவருக்கு வயது அறுபது, மீசோதீலியோமா அதற்குப் பிறகும் வரலாம்.