எஃகின் மேற்பரப்பும் பிளாஸ்மாவும்

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, கைவினைஞர்கள் அரத்தால் ராவிப் பொருத்தும் லீவர்களின் துல்லியத்தால் பெயர் பெற்றது. எனினும் சாவியும் லீவரும் ஓயாமல் உரசுவதால், எந்தப் பூட்டிலும் உலோகத்தின் மேற்பரப்பே முதலில் தேய்கிறது. இத்தகைய தேய்மானத்தைக் குறைக்க இன்றைய தொழிலகங்கள் எஃகு உறுப்புகளுக்குக் கையாளும் முறைகளுள் ஒன்று பிளாஸ்மா நைட்ரஜனேற்றம். காற்று பெரிதும் அகற்றப்பட்ட கலத்தினுள் உறுப்புகளை வைத்து, நைட்ரஜனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைச் சிறிதளவு செலுத்திச் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் தரும்போது, வாயுவின் ஒரு பகுதி எலக்ட்ரான்களை இழந்து, மின்னூட்டம் கொண்ட அயனிகளாகி ஒளிர்கிறது. அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த இந்நிலைக்கே 1928-இல் இர்விங் லாங்மியூர் பிளாஸ்மா என்று பெயரிட்டார். எதிர்மின்வாயாக அமைந்த எஃகின்மீது அயனிகள் விரைந்து மோத, அது ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, நைட்ரஜன் உள்ளே ஊடுருவ, மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு ஆழத்துக்குக் கடினமான அடுக்கு உருவாகிறது. உறுப்பின் வடிவமோ அளவோ குறிப்பிடும்படி மாறுவதில்லை. குஜராத்திலுள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் தொடங்கிய தொழில்நுட்ப மையம், இம்முறையை இந்தியத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசென்றது. சயனைடு கலந்த பழைய உப்புக்குளியல் முறைகளைப் போல இது நச்சுக் கழிவை விடுவதில்லை என்பது, தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன திண்டுக்கல் சமவெளிக்குப் பெரிதும் பொருட்படுத்தத்தக்க செய்தி.